கிளம்ப மறுக்கும் பவர் வீடர்: மழை ஓய்ந்த பின் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது?

உசிலை மல்லிகை:

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகே ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறோம். கவாத்து முடித்தாயிற்று, இனி களையை அகற்றி, தொழுவுரம் இட்டு, மண் அணைத்துத் தண்ணீர் கட்டினால்தான் பங்குனியில் மொட்டு நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரிசைகளுக்கு இடையே கோரையும் அருகும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. களைக்கு ஆள் கிடைப்பது இப்போது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். பவர் வீடரைத்தான் நம்பியிருக்கிறோம், அது கிளம்ப மறுக்கிறது.

ஏழு குதிரைத்திறன் கொண்ட, கயிறு இழுத்துக் கிளப்பும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் அது. ஆடியில் கடைசியாக ஓட்டிவிட்டுத் தொழுவத்து ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தோம். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. இப்போது சோக்கை முழுவதும் போட்டுக் கயிற்றை இழுத்தால் உறுமிக்கொண்டு சில நொடி ஓடுகிறது. சோக்கைத் திறந்தால் உடனே நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி இழுத்தால் கிளம்பிவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். இன்ஜினே தேய்ந்துவிட்டது, ரிங் செட் மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். பட்டறைக்கு ஏற்றிச் செல்ல வண்டி வாடகை தனியாக ஆகும். வீட்டிலேயே பார்க்கக் கூடியவை எவை, தொடாமல் விட வேண்டியவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

திருமங்கலம் பட்டறை:

தம்பி, உங்கள் இன்ஜின் தேயவில்லை. சோக்கில் ஓடுகிறது, சோக்கைத் திறந்ததும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே பாதி விடை வந்துவிட்டது. சில நொடி ஓடியதால் பிளக்கில் பொறி வருகிறது என்றும், சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஷன் இருக்கிறது என்றும் தெரிகிறது. சோக்கை மூடும்போது காற்று வரும் வழி குறுகி, இன்ஜினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் பக்கம் திரும்புவதால், பெட்ரோல் வழியில் உள்ள அடைப்பையும் மீறிக் கொஞ்சம் எரிபொருள் உள்ளே வருகிறது. சோக்கைத் திறந்தால் காற்று தாராளமாக வந்துவிடும், அதற்கு ஈடான பெட்ரோல் வராது. நீர் நிறைந்திருந்தும் மூக்கு அடைத்துக்கொண்ட கெண்டியைப் போலத்தான், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் உங்கள் கார்புரேட்டர் இருக்கிறது.

ஆனாலும் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பட்டறைக்கு ஏற்றி வரப்படும் கருவிகளில் ஒரு பகுதி இந்தக் காரணங்களுக்காகவே வருகின்றன என்பதை மனவருத்தத்தோடு சொல்கிறேன். வாடகையும் ஒரு நாள் வேலையும் வீணாகின்றன. சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாகக் கருவியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்200 போன்ற பல இன்ஜின்களில், ஆயில் குறைந்தால் பொறியையே நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. 196 சிசி கொள்ளளவுள்ள அந்த இன்ஜினுக்கு மொத்த ஆயிலே ஏறத்தாழ 0.6 லிட்டர்தான். ஆகவே கொஞ்சம் குறைந்திருக்கும்போது வரப்புச் சரிவில் சாய்த்து நிறுத்திவிட்டு நாள் முழுவதும் கயிற்றை இழுத்தாலும் பொறி வராது.

அதன் பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், புகைக்குழாயின் வாயையும் பாருங்கள். தொழுவத்தில் சில மாதங்கள் நின்ற கருவி என்றால் குளவி அங்கே மண்கூடு கட்டியிருக்கலாம். கயிறு சுற்றும் மூடிக்கு உள்ளே எலி வைக்கோலைச் சேர்த்து வைத்திருப்பதும் உண்டு.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையைக் கவனியுங்கள். அத்தனை முறை இழுத்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. அப்போது சோக்கைத் திறந்துவிட்டுச் சற்று ஆற விட வேண்டும். இந்த வகை இன்ஜின்களில் பிளக் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பொறி சோதிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. கழற்றிய துளை திறந்திருக்க, அதன் அருகிலேயே பிளக்கை வைத்து இழுத்தால், துளையிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். பழைய பிளக்கைத் துளையிலேயே முறுக்கி விட்டுவிட்டு, நல்ல பிளக் ஒன்றைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதியை இன்ஜின் உடம்பில் தொட வைத்து இழுத்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை.

இனி கார்புரேட்டருக்கு வருவோம். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடியுங்கள். மிதவையின் ஊசி சுலபமாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஜெட் என்பது பெட்ரோலை அளவாக விடும் நுண்துளை உள்ள பாகம். நடுவில் உள்ள பித்தளை மெயின் ஜெட்டையும், மேற்புறத்தில் இருக்கும் சிறிய பைலட் ஜெட்டையும் வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மின்கம்பியைப் பிரித்து அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து அதனால் குத்துங்கள். தையல் ஊசியாலும் இரும்புக் கம்பியாலும் ஒருபோதும் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது என்பதால் துளை பெரிதாகிவிடும்; பிறகு புது ஜெட் போடும் வரை கரும்புகை போகாது. கிண்ணத்தின் ரப்பர் வளையம் கிழியாமல் எடுங்கள். கிளீனர் ஸ்பிரே அடித்தால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அது கண்ணில் தெறிக்கும்.

பிளக் துளையில் பெட்ரோல் ஊற்றும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிச் செய்தால் ஒரு நொடி ஓடும். உங்கள் இன்ஜின் அதைச் சோக்கிலேயே செய்து காட்டிவிட்டது. சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் கழுவப்பட்டு உலோகத்தோடு உலோகம் உரசுவதும், சிந்திய பெட்ரோல் தீப்பிடிப்பதும்தான் மிச்சம்.

நாகமலைவாசி:

பட்டறை அண்ணன் எழுதியது அத்தனையும் சரி. நான் பல ஆண்டுகள் கனடாவில் இருந்துவிட்டு இப்போது நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறேன். உசிலம்பட்டித் தம்பிக்கு மார்கழியில் வந்திருக்கும் இதே சிக்கல் அங்கே வீட்டுக்கு வீடு மார்கழியில்தான் வரும். அங்கே பனி வாரி எறிய 'ஸ்னோ புளோயர்' என்ற கருவி வைத்திருப்பார்கள். அதில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகை ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்தான். வசந்த காலத்தில் பெட்ரோலோடு ஓரமாக நிறுத்தியதை முதல் கனத்த பனி விழுந்த காலையில் வெளியே எடுத்தால் கிளம்பாது. அதே நேரத்தில் நகராட்சி வண்டி தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போய், நம் வாசல் முகப்பில் கெட்டியான வரப்பாகச் சேர்த்துவிட்டுப் போயிருக்கும். அதை அகற்றாமல் கார் வெளியே போக முடியாது.

நோய் ஒன்றுதான் என்றாலும் குளிர் நாட்டுக்கு உரிய சிக்கல்கள் சில உண்டு. பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போனால் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை, கெட்டியான ஆயில் கயிற்றை இழுக்கவே விடாது. அதனால் அங்கே 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலை ஊற்றுகிறார்கள். நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30 ஏற்றது. பெட்ரோலில் கலந்த துளி நீர் அங்கே குழாய்க்குள் உறைந்து வழியை அடைக்கும். இங்கே உறையாது, துரு மட்டும் ஏற்றும். வீட்டு மின்சாரத்தில் இணைத்துப் பொத்தானை அழுத்திக் கிளப்பும் ஸ்டார்ட்டரும் அங்கே பல கருவிகளில் உண்டு. ஜெட் அடைத்திருந்தால் அதனாலும் பயனில்லை.

நம் ஊருக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. பனி வாரும் இயந்திரங்கள் பலவற்றில் ஏர் ஃபில்டரே கிடையாது. பனிக்காலத்தில் தூசி இல்லை, ஃபில்டர் வைத்தால் ஈரப் பனி அதை அடைத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவர் இங்கே வீடரின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று கேட்டார். செம்மண் தூசியில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் அந்தத் தூசி ஆயிலோடு கலந்து உப்புத்தாள் போலச் சிலிண்டரைத் தேய்த்துவிடும். கிளம்பவில்லை என்பதற்காக ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் அது இல்லாமல் வயலில் இறக்கக் கூடாது.

மேலூர் கால்வாய்க்கரை:

ஒரு கருத்து வேறுபாடு. இந்த மாதிரிச் சிக்கல் எழுந்தவுடன் எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. இங்கே இன்னும் யாரும் அதை எழுதவில்லை என்றாலும் அடுத்த பதிவில் வந்துவிடும் என்று தெரிவதால் முன்கூட்டியே சொல்கிறேன். எத்தனால் கலக்காத காலத்திலும் என் தகப்பனாரின் ஸ்பிரேயர் இன்ஜின் ஆறு மாதம் நின்றால் கிளம்பாது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சுவது பிசினாகப் படிகிறது. இது எந்தப் பெட்ரோலுக்கும் நடப்பது. அழுக்குக் கேனில் வாங்குவதும், மழையில் மூடியைத் திறந்து வைப்பதும், வடிகட்டாமல் ஊற்றுவதும் நம் பழக்கங்கள். அவற்றைத் திருத்திக்கொள்ளாமல் எரிபொருளைக் குறை கூறுவது நியாயமாகாது.

திருமங்கலம் பட்டறை:

மேலூர்க்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. பெட்ரோல் எப்போதும் கெட்டுப் போகும் பொருள்தான். ஆனால் 2022-இல் நாடு முழுவதும் பத்து சதவீதக் கலப்பு எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்புப் பெட்ரோல் அறிமுகமானது, 2025-இல் நம் பெட்ரோல் பங்குகளில் அதுவே பொதுவாகிவிட்டது. இந்த மாற்றத்துக்குப் பின் பட்டறைக்கு வரும் கார்புரேட்டர்களின் உட்புறம் வேறு விதமாக இருக்கிறது. முன்பெல்லாம் பழுப்புப் பிசின் மட்டும் இருக்கும்; இப்போது அதோடு வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்பும் சேர்ந்து வருகின்றன.

காரணம் எளிது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்த்திகை மாதத்து ஈரக் காற்றில், பாதி காலியான டேங்கில், மூடியின் துளை வழியாக இது தொடர்ந்து நடக்கும். ஓர் அளவு வரை அந்த நீர் கலந்தே இருக்கும். அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டர் பெட்ரோல் எடுப்பதும் அடியிலிருந்துதான். அதனால் முதலில் உள்ளே போவது அந்த நீர்தான். துத்தநாகக் கலவையால் வார்த்த கார்புரேட்டர் உடம்பும் பழைய ரப்பர் குழாயும் அதனால் அரிக்கப்படுகின்றன. சோதிக்க விரும்பினால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து ஆடாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் அந்தப் பெட்ரோலை இன்ஜினில் ஊற்றவே வேண்டாம்.

நாள்தோறும் ஓடும் வாகனத்தில் பெட்ரோல் தேங்கி நிற்பதில்லை, அதனால் அங்கே இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடும் வீடர், புல்வெட்டி, ஸ்பிரேயர் ஆகியவைதான் மாட்டிக்கொள்கின்றன. ஆகவே எரிபொருள் மாறியது உண்மை, அதற்கேற்ப நாம் கருவியை நிறுத்தி வைக்கும் முறை மாறவில்லை என்பதும் உண்மை.

உசிலை மல்லிகை:

அண்ணன் சொன்ன வரிசைப்படியே பார்த்தேன். சுவிட்ச், ஆயில், ஃபில்டர் எல்லாம் சரியாக இருந்தன. கிண்ணத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. அடியில் பாதாம் பிசின் போல வழுவழுவென்று பழுப்பு நிறக் களி ஒட்டியிருந்தது. விரலால் வழித்தால் கம்பியாக இழுபட்டது. அதற்கு அடியில் ஒரு ஓரத்தில் பெட்ரோலோடு கலக்காமல் தனி முத்துகளாக நீர் உருண்டுகொண்டிருந்தது. மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது துளையில் பாதிதான் திறந்திருந்தது, பைலட் ஜெட்டில் ஒளியே தெரியவில்லை. செம்பு இழையால் குத்திக் கழுவி மாட்டி, டேங்கைச் சுத்தம் செய்து புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தேன், கிளம்பிவிட்டது. மிக்க நன்றி.

ஆனால் இன்னும் ஒரு குறை இருக்கிறது. வேலை இல்லாமல் நிற்கும்போது சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுகிறது. மண்ணில் இறக்கினால் சரியாக ஓடுகிறது. கவர்னர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து மாட்டினால் சரியாகும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

திருமங்கலம் பட்டறை:

ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம், தம்பி. அந்த ஸ்பிரிங்தான் இன்ஜினின் வேக வரம்பைக் காக்கிறது. அதை இழுத்து மாட்டினால் இன்ஜின் வரம்பை மீறிச் சுற்றி, கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துவிடக் கூடும்.

ஏறி இறங்கி ஓடுவது பைலட் ஜெட் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்பதன் அடையாளம். அந்த ஜெட்டுக்குப் பின்னால் கார்புரேட்டர் உடம்பிலேயே மெல்லிய வழிகள் உள்ளன. கம்பி அங்கே எட்டாது, கிளீனர் ஸ்பிரேயும் காற்றும்தான் எட்டும். மீண்டும் கழற்றி, ஸ்பிரே அடித்துச் சற்று ஊற விட்டு, காற்றுக் குழாயால் ஊதுங்கள். அப்படியும் மாறாவிட்டால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் வழியாகத் தனிக் காற்று நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

சோழவந்தான் கொடிக்கால்:

எங்கள் பகுதியில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் அதிகம். வீடரை நானே ஓட்டுகிறேன். பெண்கள் பலருக்குக் கயிறு இழுப்பதுதான் தடை. கிளம்ப மறுக்கும் கருவியோடு தோள்பட்டை வலி வரும் வரை போராடிவிட்டு, இது ஆண்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பலத்தை விட முறைதான் இதில் பெரிது என்பதால் அதை எழுதுகிறேன்.

கயிற்றை எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கனமாகத் தடுக்கும். பிஸ்டன் அங்கே காற்றை அமுக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தைக் கண்டுகொண்டு கயிற்றைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டு, பிறகு ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். இழுத்த பின் கைப்பிடியை அப்படியே விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் கெட்டுவிடும். கிளட்ச் விடுபட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்கவே கூடாது. கிளம்பியவுடன் கத்திகள் சுற்றினால் கால் போய்விடும்.

எனக்கு ஒரு சந்தேகம். கோரையும் வாழைச் சருகும் கத்தித் தண்டில் நார்நாராகச் சுற்றிக்கொண்டு கருவியை நிறுத்திவிடுகின்றன. இன்ஜினை நிறுத்தாமல் கிளட்சை மட்டும் விட்டுவிட்டுக் கையால் பிடுங்கும் வழக்கம் எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் பயமாக இருக்கிறது.

நாகமலைவாசி:

அம்மா, அந்தப் பயம் சரியானது, அதை விடாதீர்கள். ஸ்னோ புளோயரால் அங்கே விரல் இழப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழக்கிறார்கள். ஈரப் பனி, கருவியின் வாயிலும் பனியை வீசி எறியும் குழாயிலும் அப்பிக்கொள்ளும். நம் கரிசல் சேறு சக்கரத்தில் அப்புவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கை உறையோடு உள்ளே கையை விட்டு நோண்டுவார்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் பெல்ட்டும் தண்டும் முறுக்கேறிய நிலையில் இருக்கும். அடைப்பு விலகிய நொடியில் அந்த முறுக்கு விடுபட்டு, விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். விரல் போவதற்கு அந்த ஒரு சுற்று போதும். அதனால்தான் அங்கே அடைப்பைத் தள்ளுவதற்கென்று ஒரு குச்சியைக் கருவியிலேயே மாட்டி விற்கிறார்கள்.

நம் வீடருக்கும் இதே விதிதான். இன்ஜினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, அரிவாளாலோ கொக்கியாலோ நாரை அறுத்து எடுங்கள். கையை நுழைக்காமல் செய்தால் நேரம் ஒன்றும் அதிகம் ஆகாது. களை முழங்காலுக்கு மேல் இருந்தால் முதலில் புல்வெட்டியால் அறுத்துச் சருகை வெளியேற்றிவிட்டு வீடரை இறக்குவது இன்னும் நல்லது.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. பனி வாரும் திருகுத் தண்டில் 'ஷியர் பின்' என்று மென்மையான போல்ட் ஒன்று இருக்கும். கல்லோ கெட்டிப் பனிக்கட்டியோ மாட்டினால் அது முறிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று சிலர் கடையில் கிடைக்கும் கெட்டியான போல்ட்டை மாட்டிவிடுவார்கள். அடுத்த முறை போல்ட்டுக்குப் பதில் கியர் பெட்டி உடையும். அந்த வகைப் பின் உள்ள கருவியை நம் ஊரில் வைத்திருப்பவர்களும் கையேட்டில் சொன்ன பின்னையே வாங்கி இரண்டு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர் கால்வாய்க்கரை:

வேலை முடிந்து நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா? கனடாவில் நிரப்பி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கடைக்காரர் காலி செய்யச் சொல்கிறார்.

நாகமலைவாசி:

அங்கே இரண்டு முறைகளும் உண்டு. பெட்ரோல் கெடாமல் காக்கும் 'ஸ்டெபிலைசர்' திரவத்தைக் கலந்து டேங்கை நிரப்பி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும் அளவுக்குச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துவது ஒன்று. முழுவதும் வடித்துவிட்டு, மிஞ்சியதும் தீரும் வரை ஓட்டி நிறுத்துவது மற்றொன்று. நம் ஊரில் அந்தத் திரவம் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஈரக் காற்றும் வெப்பமும் அதிகம். ஆகவே இங்கே வடித்து வைப்பதே மேல் என்பது என் முடிவு.

திருமங்கலம் பட்டறை:

நானும் அதையே சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டினாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அடிப் போல்ட்டைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுங்கள். டேங்க் தகரமாக இருந்தால் வெறுமனே காலியாக விட்டாலும் மழைக்காலத்தில் உட்புறம் துருப்பிடிக்கும். சிறிது இன்ஜின் ஆயிலை ஊற்றிக் குலுக்கிச் சுவரெங்கும் படிய விட்டு மூடுங்கள். அடுத்த முறை அதை வடித்துவிட்டுப் பெட்ரோலால் அலசிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் டேங்குக்கு இது தேவையில்லை. பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துக் கனமாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்தி வைத்தால் வால்வுகள் மூடியிருக்கும், ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது.

ஆயில் பாத், அதாவது அடியில் ஆயில் ஊற்றி வைக்கும் வகை ஏர் ஃபில்டர் உள்ள கருவியைச் சாய்த்து நிறுத்தவோ, வண்டியில் படுக்க வைத்து ஏற்றவோ கூடாது. அந்த ஆயில் கார்புரேட்டருக்குள் இறங்கிவிட்டால் கிளம்பும்போது வெண்புகை மண்டும், பல நேரம் கிளம்பவே கிளம்பாது.

பேரையூர் மானாவாரி:

இந்த உரையாடல் இழைக்குச் சற்று வெளியே போகிறேனோ என்ற தயக்கத்தோடு கேட்கிறேன். எங்களிடம் இருப்பது பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்பு இன்ஜின். மின் இணைப்புக்குப் பதிந்து காத்திருக்கிறோம். கிணற்றில் நீர் கீழே இருப்பதால் இன்ஜினைக் கிணற்றுக்குள் இருக்கும் திட்டில் இறக்கி வைத்திருக்கிறோம். காலையில் ஒருமுறை ஓடி நின்றால் மறுநாள் கிளம்புவதில்லை. சில நேரம் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் தானாகவே மூச்சடைத்து நின்றுவிடுகிறது. ஜெட்டைச் சுத்தம் செய்தாயிற்று, பிளக்கும் புதிது. அதை அங்கேயே வைத்துச் சரிசெய்ய வழி உண்டா?

திருமங்கலம் பட்டறை:

ஐயா, நீங்கள் இழைக்கு வெளியே போகவில்லை, ஆனால் இதற்கு முதலில் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இன்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து இனி ஒருமுறை கூடக் கிளப்பாதீர்கள், யாரையும் அதற்காகக் கீழே இறக்காதீர்கள்.

அது தானாக நின்றுபோவதற்குக் காரணம் ஜெட்டோ பிளக்கோ இல்லாமல் இருக்கலாம். கிணற்றுக்குள் புகை வெளியேற வழி இல்லாததால், இன்ஜின் தன் புகையையே மீண்டும் உறிஞ்சுகிறது. ஆக்ஸிஜன் குறைந்து மூச்சடைத்து நிற்கிறது. இன்ஜினே நின்றுபோகும் அந்தக் காற்றில்தான் உங்கள் ஆள் இறங்கி மீண்டும் கயிற்றை இழுக்கிறார். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைச்சுற்றல் தெரிவதற்குள் கைகால் ஓய்ந்துவிடும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, அடுத்தவரும் விழுவது நம் கிராமங்களில் நடந்திருக்கிறது.

நாகமலைவாசி:

இதை நானும் வலியுறுத்துகிறேன். குளிருக்கு அஞ்சி, கதவை மூடிய கொட்டகைக்குள்ளேயே ஸ்னோ புளோயரைக் கிளப்புவதால் இதே நச்சு அங்கே வீடுகளுக்குள் புகுகிறது. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது, வெளியே கொண்டுவந்துதான் கிளப்ப வேண்டும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்வார்கள். கிணறு அந்தக் கொட்டகையை விட ஆபத்தானது, அதற்குக் கதவே கிடையாது. யாராவது உள்ளே மயங்கிவிட்டால் பின்னாலேயே இறங்காமல் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

பேரையூர் மானாவாரி:

உடம்பு நடுங்குகிறது. நேற்றும் என் மகன்தான் இறங்கினான். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான், வெயில் என்று நினைத்தோம். ஆனால் மேலே வைத்தால் பம்பு நீரை இழுக்காதே?

திருமங்கலம் பட்டறை:

மகனை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கிணற்றுக்குள் இன்ஜின் புகையில் இருந்தான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

நீரை இழுக்காது என்பது உண்மைதான். எந்தப் பம்பாலும் உறிஞ்சி ஏற்றக் கூடிய உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றின் அழுத்தம் தாங்கும் அளவு கணக்குப்படி ஏறத்தாழ 10 மீட்டர்; நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர்தான் தேறும். நீர் அதற்குக் கீழே போனதும் எல்லோரும் இன்ஜினைக் கீழே இறக்குகிறார்கள். அதற்குப் பதிலாக, நீரை உந்தும் பாகம் மட்டும் கீழே போகும்படி செய்ய வேண்டும். இன்ஜின் மேலேயே இருக்க, இரட்டைக் குழாய் போட்டு ஓட்டும் ஜெட் பம்பு ஒரு வழி. ஜெனரேட்டரை மேட்டில் வைத்து நீர்மூழ்கி மோட்டாரைக் கிணற்றில் இறக்குவது இன்னொரு வழி. சூரியசக்தி பம்புக்கு அரசு மானியம் உண்டு, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மின் இணைப்பு வரும் வரை அண்டை வயல்காரரிடம் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள்.

இன்ஜினை மேலே தூக்க யாராவது கீழே இறங்கியாக வேண்டும் என்றால், அது ஓடி ஒரு முழு நாளாவது ஆகியிருக்கட்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். சற்றே தலை சுற்றினாலும் தூக்கிவிடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் சொல்லி அவர்கள் துணையோடு செய்வது இன்னும் நல்லது.

மறுநாள் கிளம்பாமல் போவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓட்டினால்தான் கிண்ணத்தில் தேங்கிய மண்ணெண்ணெய் தீரும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், குளிர்ந்த இன்ஜினில் அது ஆவியாகாது, பிளக்கை நனைக்கும், ரிங் வழியாக இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்யும். இன்ஜின் மேலே வந்ததும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்து மண்ணெண்ணெய் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். கிண்ணத்தை வடித்து, பெட்ரோலில் மட்டும் இழுத்துப் பாருங்கள். அப்போதும் கிளம்பாவிட்டால் பிளக் முனையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.